நெறிமுறைத் திட்டம் இருக்கிறது, வேலை செய்யவில்லை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் முப்பது பேரிலிருந்து முந்நூறு பேர் வரை வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் மனிதவளத்தையோ கொள்முதலையோ பொது நிர்வாகத்தையோ கவனிப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. அத்தகைய நிறுவனங்களில் நெறிமுறைத் திட்டம் என்று ஒன்று பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். நன்னடத்தைக் கோவை அச்சிடப்பட்டிருக்கும், புதிதாகச் சேருபவர் கையொப்பமிட ஒரு படிவம் இருக்கும், ஓய்வறைச் சுவரில் ஒரு தொலைபேசி எண் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு பெரிய வாடிக்கையாளர் ஏலக்குத்தகை (டெண்டர்) ஆவணத்தில் கேட்டார் என்பதற்காக அவசரமாகத் தயாரிக்கப்பட்ட அந்தக் கோவை, கேட்ட வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டதோடு தன் கடமையை முடித்துக்கொண்டிருக்கும்.

திட்டம் வேலை செய்யவில்லை என்று தெரியவரும்போது, இன்னும் ஐந்து விதிகளைச் சேர்ப்பதும், எல்லாரையும் உட்காரவைத்து மறுபடியும் பாடம் எடுப்பதுமே வழக்கமாக நடக்கும். இங்கே வேறொரு கேள்வியைக் கைவிளக்காக வைத்துக்கொள்கிறோம்: சரியானதைச் செய்ய நினைத்த ஊழியருக்கு, அதைச் செய்வது எந்த இடத்தில் இழப்பாக முடிந்தது? அந்த இடம்தான் பழுதான இடம். ஆட்களை மாற்றியும் அதே தவறு திரும்ப வருகிறது என்றால், அந்த இடத்தை இன்னும் தொடவில்லை என்று பொருள்.

தொடங்குமுன் நான்கு ஆவணங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதப் புகார்ப் பதிவு, அன்பளிப்புப் பதிவேடு, கொள்முதல் பதிவேடு, ஓவர்டைம் பட்டியல். எதையோ சோதிக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம்.

அறிகுறி: ஓராண்டாக ஒரு புகார்கூட வரவில்லை

இயக்குநர் கூட்டத்தில் இது நல்ல செய்தியாக வாசிக்கப்படும். இதை முதலில் வைத்ததற்குக் காரணமே அதுதான். மற்றப் பழுதுகள் கண்ணில் படாமல் கிடப்பது பெரும்பாலும் இந்தப் பழுதினால்தான். நூறு பேர் வேலை செய்யும் ஓரிடத்தில் ஓராண்டு முழுவதும் ஒரு ரசீதுகூடத் திருத்தப்படவில்லை, ஒரு மேற்பார்வையாளர்கூடக் கைநீட்டிப் பணம் வாங்கவில்லை, ஓர் உறவினர்கூடப் பின்வாசல் வழியாக வேலைக்கு வரவில்லை என்று நம்புவதைவிட, செய்தி மேலே வரும் குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று எண்ணித் தொடங்குவதே சரி.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. ஒரு சனிக்கிழமை இரவு, அலுவலகத் தொலைபேசியைத் தவிர்த்து, சுவரில் உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இப்படி அழைத்தபோது, குரலஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்ற ஆங்கில அறிவிப்புதான் கிடைத்தது. அந்தப் பெட்டியின் மறைச்சொல்லை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கிடையில் ‘புகார் ஏதுமில்லை’ என்று நான்கு காலாண்டு அறிக்கைகள் போயிருந்தன. அவற்றில் ஒன்றை எழுதியவன் நான்.

எண் வேலை செய்கிறது என்றால், அழைப்பு யாரிடம் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். புகாரைப் பெறுபவரும், புகாருக்கு உள்ளாகக்கூடியவரும் ஒரே மேசையில் மதிய உணவு உண்பவர்களாக இருந்தால், ஊழியர்களுக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அடுத்து, வெவ்வேறு பிரிவுகளில் மூன்று பேரைத் தனித்தனியே நிறுத்தி, “உங்கள் மேற்பார்வையாளர் தவறு செய்கிறார் என்று தெரிந்தால் யாரிடம் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு பெயரோ பதவியோ உடனே வந்தால் வழி திறந்திருக்கிறது. “நமக்கெதற்கு வம்பு” என்ற சிரிப்பு வந்தால், விடையும் வந்துவிட்டது.

நான்காவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. உண்மையில் அதுதான் முக்கியமானது. கடைசியாகப் புகார் சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார்? அவர் சொன்ன நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு அவருடைய ஓவர்டைம் மணிநேரம், பணிநேர மாற்றங்கள், ஆண்டு மதிப்பீடு, இடமாற்றம் ஆகியவற்றை, அவருக்குப் பக்கத்தில் வேலை செய்த மற்றொருவரின் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். பழிவாங்கல் என்று யாரும் எங்கும் எழுதி வைப்பதில்லை. துவாஸில் இரவுப் பணி தொடர்ந்து ஒருவருக்கே விழுவதும், வாரத்திற்கு இருபது மணிநேர ஓவர்டைம் நான்காகச் சுருங்குவதுமாக அது பட்டியல்களுக்குள் ஒளிந்திருக்கும்.

சரிசெய்யும்போது, புகாரைப் பெற இருவர் இருக்கட்டும். அவர்களுள் ஒருவர் அன்றாட நிர்வாக வரிசைக்கு வெளியே, இயலுமானால் நிறுவனத்திற்கே வெளியே இருப்பவராக இருக்கட்டும். பெயர் சொல்லாமல் புகார் தருபவருக்கும் ஓர் எண் கொடுத்தால், அவர் பிறகு அந்த எண்ணைச் சொல்லி நிலவரம் கேட்க முடியும். மூன்று வேலை நாள்களுக்குள் ‘கிடைத்தது’ என்ற பதிலும், முடிந்தபின் ‘பார்த்தோம், இவ்வளவு செய்தோம்’ என்ற பதிலும் போக வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தவறுகளைத் தெரிவிப்பதற்கான கொள்கையை வைத்திருக்க வேண்டும், அதை ஆண்டறிக்கையில் விளக்க வேண்டும், தணிக்கைக் குழு அதை மேற்பார்வையிட வேண்டும் என்று சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் கோருகின்றன. தனியார் நிறுவனங்களை அவ்விதி கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், அதன் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்வதில் தடையில்லை.

சட்டப் பாதுகாப்பைப் பற்றி ஊழியர்களிடம் மிகைப்படுத்திச் சொல்லிவிடாதீர்கள். எல்லா வகைப் புகார்தாரருக்கும் பொருந்தும் ஒரே பாதுகாப்புச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஊழல் குறித்துத் தகவல் தருபவரின் அடையாளத்தை நீதிமன்றத்திலும் காக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் நடைமுறையை முதலாளிகள் வைத்திருக்க வேண்டும் என்றும், குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் கூறுகிறது. தொடக்கக் கட்டத்தில் இருபத்தைந்துக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே, சட்டம் விட்டு வைத்திருக்கும் இடைவெளியை உங்கள் எழுத்துப்பூர்வமான உறுதிமொழிதான் அடைக்க வேண்டும். அதை மீறிய மேற்பார்வையாளர் ஒருவரையாவது நடவடிக்கைக்கு உள்ளாக்காத வரை, அந்த உறுதிமொழியை யாரும் நம்பப் போவதில்லை.

பழுது நீங்கியதற்கு அடையாளம், புகார்களின் எண்ணிக்கை கூடுவதே. முதலில் வருபவை கழிப்பறை, மின்விசிறி, சாப்பாட்டின் தரம் பற்றியவையாக இருக்கும். இவையெல்லாம் நெறிமுறைப் புகாரா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பெரிய செய்தியை வைத்திருப்பவர், சிறியதொன்றை அனுப்பிக் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கிறார். எண்ணிக்கை உயரும் என்பதை இயக்குநர்களிடம் முன்னதாகவே சொல்லி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் காலாண்டிலேயே உங்களிடம் விளக்கம் கேட்பார்கள்.

அறிகுறி: எல்லாரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள், யாருக்கும் எதுவும் நினைவில்லை

கோவை எந்த மொழியில் இருக்கிறது, எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது என்ற இரண்டையும் பாருங்கள். காலை ஏழு மணிக்கு, பாதுகாப்புக் காலணியோடும் அடையாள அட்டையோடும் சேர்த்து நீட்டப்பட்ட இருபது பக்க ஆங்கில ஆவணத்தில் கையொப்பமிட்டவரிடம், அதில் என்ன இருந்தது என்று கேட்பதில் பயனில்லை.

தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று நாங்களும் ஒருமுறை நினைத்தோம். ‘நலமுரண் ஏற்படும் சூழல்களை வெளிப்படுத்துதல் ஊழியரின் கடப்பாடாகும்’ என்று மொழிபெயர்ப்பாளர் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தார். பட்டுக்கோட்டையிலிருந்து வந்து பதினொரு ஆண்டுகளாகக் குழாய் பொருத்தும் வேலை செய்துவந்த ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “நலம்னு ஆரம்பிக்கிறதால ஆஸ்பத்திரி சம்பந்தமானதுன்னு நெனச்சேன் சார்” என்றார். பிறகு அந்த வரியை நீக்கிவிட்டு, “உங்கள் மச்சானோ பங்காளியோ நடத்தும் கடையிலிருந்து நிறுவனத்திற்குப் பொருள் வாங்கச் சொல்லும் முன், அவர் உங்களுக்கு உறவு என்பதை எங்களிடம் சொல்லிவிடுங்கள், சொன்னால் தவறில்லை, மறைத்தால்தான் தவறு” என்று எழுதினோம். அடுத்த மாதமே இரண்டு பேர் வந்து சொன்னார்கள். சீனம், வங்காளம், பர்மியம் பேசுவோருக்கும் இதே முறையில், அவரவர் மொழியில் அன்றாடம் புழங்குபவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள்.

பாடத்தை மூன்று மணிநேரம் நடத்துவதைவிட, காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் வாரத்திற்கு ஐந்து நிமிடம், ஒரே ஒரு சூழலை எடுத்துப் பேசுவது நிலைக்கும். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அறிகுறி: அன்பளிப்புப் பதிவேடு காலி, வரவேற்பறை மேசை நிறைவு

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பும், சீனப் புத்தாண்டு, மூன்கேக் பருவங்களிலும் வரவேற்பறைக்குப் போய்ப் பாருங்கள். கூடைகளும் பெட்டிகளும் அடுக்கியிருக்கும். பதிவேட்டிலோ கடைசிப் பதிவு போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டினதாக இருக்கும். ஏன் எழுதவில்லை என்று கேட்டால், எழுதினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். பழுது அங்கேதான் இருக்கிறது. அறிவித்தவருக்குப் பலகாரப் பெட்டி போய்விடுகிறது. அறிவிக்காதவர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.

இதை மாற்ற, குறைந்த மதிப்புள்ள உணவுப் பொருள்களை அறிவித்துவிட்டு அந்தப் பிரிவே பகிர்ந்து உண்ணலாம் என்று விதியுங்கள். பணமோ, அங்பாவ் எனும் சிவப்பு உறையில் வரும் பணமோ, கடைப் பற்றுச்சீட்டோ எந்த அளவாயினும் கூடாது என்று விதியுங்கள். ஏலக்குத்தகை திறந்திருக்கும் காலத்தில் அதில் பங்கெடுப்பவரிடமிருந்து வரும் எதுவும், மைசூர்பாகு உட்பட, திரும்பிப் போக வேண்டும். பொருளின் விலையைவிட அது வந்த நேரமே பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

“இந்தத் தொழிலில் இது வழக்கம்தானே” என்ற வாதத்தை நீங்கள் கட்டாயம் எதிர்கொள்வீர்கள். ஊழல் தடுப்புச் சட்டம் அந்த வாதத்திற்கு 23ஆம் பிரிவில் இடமே இல்லாமல் செய்துவிட்டது: இன்ன தொழிலில் இன்னது வழக்கம் என்று காட்டும் சான்றை நீதிமன்றம் ஏற்காது. தொகை சிறியது என்பதும் காப்பாற்றாது. 2018இல் கொள்கலன்களை இறக்கி ஏற்றும் பாரந்தூக்கி (ஃபோர்க்லிஃப்ட்) ஓட்டுநர்கள் இருவர், லாரி ஓட்டுநர்களைத் தாமதப்படுத்தாமலிருக்கப் பெரும்பாலும் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். காப்பிக் காசு என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வது, நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையாக வாசிக்கப்பட்டது. இச்சட்டத்தின்படி ஒவ்வொரு குற்றத்திற்கும் 100,000 வெள்ளி வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்; வாங்கிய தொகைக்கு ஈடான தண்டத்தொகையையும் கட்டவேண்டி வரும்.

கொடுப்பவரின் பக்கத்தையும் சோதியுங்கள். உங்கள் வாடிக்கையாளர் அரசாங்க அமைப்பு என்றால், அங்குள்ள அதிகாரிக்கு நீங்கள் அனுப்பும் கூடை அவரையும் உங்களையும் சேர்த்தே சிக்கவைக்கும். அரசாங்கத்தோடு தொழில் தொடர்புள்ளவர் அரசாங்க ஊழியருக்குக் கொடுத்தது ஊழல் நோக்கத்திலானது என்றே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அப்படியல்ல என்று நிறுவும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது விழுகிறது. தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவில், வாங்கிய அரசாங்க ஊழியருக்கு ஊழல் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய தேவைகூட இல்லை. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது, அவர் ஒப்புக்கொண்ட ஐந்து குற்றச்சாட்டுகளில் நான்கு அந்தப் பிரிவின்கீழ் வந்தவை. நம் விற்பனைப் பிரிவினருக்கு இதை ஒருமுறை விளக்கிச் சொன்னபிறகு, அரசாங்க வாடிக்கையாளருக்கு நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு வாங்கித் தரலாமா என்ற கேள்வி எழவில்லை.

அறிகுறி: விலைப்புள்ளிகள் எப்போதும் மூன்று, வெல்பவர் எப்போதும் ஒருவர்

கோப்பில் மூன்று விலைப்புள்ளிகள் இருக்கின்றன என்பதோடு தணிக்கை திருப்தியடைந்துவிடுகிறது. நீங்கள் அந்த மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எழுத்துப்பிழை மூன்றிலும் இருக்கிறதா? வெல்லாத இரண்டும் எப்போதும் முழு எண்ணில், வென்றதைவிட ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடுதலாக இருக்கின்றனவா? நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ரா (ACRA) ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி மூன்று நிறுவனங்களின் விவரங்களையும் எடுத்தால், மூன்றுக்கும் பொதுவான ஓர் இயக்குநரோ, காக்கி புக்கிட்டில் ஒரே கட்டடத்தின் ஒரே அலகு எண்ணோ தென்படலாம்.

அடுத்து, ஒப்புதல் வரம்பைப் பாருங்கள். 5,000 வெள்ளிக்கு மேல் மேலாளர் கையொப்பம் தேவை என்ற விதி இருக்கும் இடத்தில் 4,800, 4,950 என்று கொள்முதல்கள் வரிசையாக நின்றால், ஒரு பெரிய கொள்முதல் துண்டாக்கப்படுகிறது. ஆனால் துண்டாக்குபவர் எல்லாரும் திருடர் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள். மேலாளரின் கையொப்பம் கிடைக்க ஒன்பது நாள் ஆகும், பணித்தளத்திலோ பம்பு இன்றே வேண்டும் என்ற நிலையில் நேர்மையானவரும் துண்டாக்குவார். முதலில் ஒப்புதலை ஒரு நாளுக்குள் கிடைக்கும்படி செய்துவிட்டு, அதன்பிறகும் துண்டாக்குபவர் யார் என்று பாருங்கள். ஒருமுறை ஒப்புதல் முறையை வேகப்படுத்தியதில் இத்தகைய கொள்முதல்களில் பெரும்பகுதி தானாகவே மறைந்தது; மீதமிருந்தவை ஒரே ஒரு விநியோகிப்பாளரிடம் கொண்டுபோய்விட்டன.

விலைகேட்பவரும் பொருளைப் பெற்றுக்கொள்பவரும் பணம் செலுத்த ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற பழைய விதியைச் சிறிய நிறுவனங்களில் முழுமையாகப் பின்பற்ற முடிவதில்லை. அங்கே, மூவரில் இரண்டு பேராவது வேறாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கொள்முதல் பொறுப்பை ஆண்டுக்கொருமுறை வேறொருவரிடம் இரண்டு வாரமாவது கட்டாய விடுப்பின் மூலம் மாற்றிக் கொடுங்கள். ஒருநாள்கூட விடுப்பே எடுக்காத கொள்முதல் அதிகாரியைப் பாராட்டுவதற்குமுன் சற்று யோசியுங்கள்.

விநியோகிப்பாளர்கள் தமக்குள் பேசிவைத்து விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால், அது உங்கள் ஊழியரின் குற்றமாக இல்லாமல், போட்டித்தன்மைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுக்குரிய விவகாரமாக இருக்கலாம். அதைப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்திடம் கொண்டுபோகலாம்.

அறிகுறி: ஓவர்டைமும் பெர்மிட் புதுப்பிப்பும் ஒரே கையில்

இந்தப் பழுதைப் பற்றி நம்மவர்கள் நிறுவனத்திற்குள் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். வெளிநாட்டு ஊழியரின் வேலை அனுமதி புதுப்பிக்கப்பட வேண்டுமா என்று பரிந்துரைப்பவரும், அடுத்த வாரம் யாருக்கு ஓவர்டைம் என்று தீர்மானிப்பவரும் ஒரே மேற்பார்வையாளராக இருந்தால், அவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சிக்குப் போகுமுன்பே அந்த ஏற்பாடு பழுதுதான். ஊரில் கடன் வாங்கி வந்தவருக்கு ஓவர்டைம் என்பது கூடுதல் வருமானமன்று. வட்டி கட்டுவதே அதில்தான்.

பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒரே தொழில்திறன் உள்ளவர்களின் ஓவர்டைம் மணிநேரத்தை ஆறு மாதத்திற்கு அடுக்கிப் பாருங்கள். திறனாலோ திட்டத்தின் தேவையாலோ விளக்க முடியாத இடைவெளி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு மாதத்திற்கு முந்தைய மாதத்தில் சம்பள முன்பணம் கேட்டவர்களின் பெயர்களையும், கேட்காதவர்களின் பெயர்களையும் பிரித்துப் பாருங்கள்; புதுப்பிப்புக்காக மேற்பார்வையாளருக்குக் கொடுக்கவே அந்த முன்பணம் கேட்கப்பட்டிருக்கலாம். வேலையை விட்டு ஊருக்குத் திரும்புபவரிடம், விமான நிலையத்திற்குப் புறப்படும் நாளில் அல்லாமல், கணக்கு முடிந்து கைக்குப் பணம் வந்தபிறகு, அவர் மொழியில், மேற்பார்வையாளர் இல்லாத அறையில் பேசுங்கள். தங்குவிடுதியில் ஐந்து ஆண்டுகள் யாரும் சொல்லாததை அந்த அரைமணிநேரத்தில் சொல்லிவிடுவார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேலை தருவதற்கோ வேலையில் தொடர்ந்து வைத்திருப்பதற்கோ கைமாறாக வெளிநாட்டு ஊழியரிடமிருந்து பணம் பெறுவதை, வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின் 22அ பிரிவு தடை செய்கிறது; 30,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். உரிமம் பெற்ற சிங்கப்பூர் வேலை முகவர்கள் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணத்திற்கும் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியானாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேற்பட்ட தொகை ஊரிலேயே கைமாறியிருந்தால் அதைப் பிடிப்பது கடினம். ஆனாலும், உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அங்கே யார் பணம் திரட்டுகிறார் என்று புதிதாக வந்தவரிடம் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்தால், அதே பெயர் மூன்றாம் முறை வரும்போது கண்டுபிடித்துவிடலாம்.

சரிசெய்வதற்கு, இரண்டு அதிகாரங்களையும் பிரியுங்கள். ஓவர்டைம் சுழற்சிப் பட்டியல் ஒவ்வொரு வாரமும் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படட்டும். புதுப்பிப்பு முடிவு, எழுதப்பட்ட அளவுகோல்களின்படி மனிதவளப் பிரிவால் எடுக்கப்பட்டு, அனுமதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே ஊழியருக்கு நேரடியாகச் சொல்லப்படட்டும். கடைசி வாரம் வரை தெரியாமல் இருப்பதுதான் விலைபேசப்படுகிறது. ‘புதுப்பிப்புக்கு யாருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்’ என்ற ஒற்றை வரியைச் சம்பளச் சீட்டிலேயே தமிழிலும் வங்காளத்திலும் அச்சிடுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்குபவருக்கு மனிதவள அமைச்சும், 2009 முதல் இயங்கிவரும் வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இருக்கின்றன என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இது நிறுவனத்திற்கு எதிராக ஆள்சேர்ப்பது போல இருக்கிறதே என்று ஒரு மேலாளர் என்னிடம் கடிந்துகொண்டார். வெளியே போக வழி உண்டு என்று காட்டிய பிறகுதான் உள்ளே வந்து சொல்லத் தொடங்கினார்கள் என்பது என் அனுபவம்.

அறிகுறி: சோதனைப் பட்டியல்கள் குறையே இல்லாமல் இருக்கின்றன

பாரந்தூக்கிச் சோதனை, தீயணைப்புக் கருவிச் சோதனை, சாரக்கட்டுச் சோதனை என்று மாதம் முழுவதும் எல்லாக் கட்டங்களிலும் சரி என்ற குறி, ஒரே பேனா, ஒரே சாய்வு. முப்பது நாள் பட்டியலை முப்பதாம் நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். திட்டம் முழுமைக்கும் இது சிறிய பழுதாகத் தெரிந்தாலும், பொய்யை எழுதக் கைபழகும் இடம் இதுவே. குறை எழுதினால் வேலையை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் திட்டு விழும் என்பதே இதற்குக் காரணம். குறையே எழுதாத பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள். குறை எழுதி வேலையை நிறுத்தியவருக்கு அன்றைய மணிநேரத்திற்கான சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கேடுகளைத் திட்டமிட்டுப் பொய்யாக்குவது தண்டனைச் சட்டத்தின் 477அ பிரிவின்கீழ் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது என்பதை எழுதுபவரைவிட, எழுதச் சொல்பவருக்குத்தான் அதிகம் நினைவூட்ட வேண்டும்.

அறிகுறி: வெளிநாட்டு முகவருக்குத் தரும் தரகு ஆண்டுதோறும் கூடுகிறது

‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதப்பட்ட ரசீதில் எந்த ஆலோசனை, யார் தந்தது, எத்தனை நாள் வேலை என்ற மூன்றும் இல்லை என்றால், பணத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கேளுங்கள். அந்த நாட்டில் அப்படித்தான் என்ற பதில் சிங்கப்பூர்க் குடிமகனைக் காக்காது. அவர் வெளிநாட்டில் செய்த ஊழலையும் இங்கே செய்தது போலவே கருத ஊழல் தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இடமளிக்கிறது. கெப்பல் ஆஃப்ஷோர் அண்ட் மரீன் நிறுவனம் 2017 டிசம்பரில் அமெரிக்கா, பிரேசில், சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் அதிகாரிகளோடு 422 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட அபராதத்திற்கு உடன்பட்டபோது, விவகாரத்தின் மையத்தில் இருந்தவை முகவருக்குக் கூட்டிக் கொடுக்கப்பட்ட தரகும், அதை மூடிய ஆலோசனை ஒப்பந்தங்களுமே. நம் அளவுள்ள நிறுவனத்தில் தொகை இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு ஏற்றுமதியாகும் ஒரு கொள்கலனுக்கு நூறு வெள்ளியாக இருக்கலாம்; ரசீது எழுதப்படும் விதம் ஒன்றேதான்.

அறிகுறி: விதி முதலாளியின் அறைவாசல் வரைதான் வருகிறது

இதற்குச் சோதனை தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். முதலாளியின் மைத்துனருக்கு விலைப்புள்ளி இல்லாமல் ஒப்பந்தம் போகும். அதிகம் விற்கும் விற்பனையாளரின் செலவுக் கணக்கில் ரசீது கேட்கப்படாது. கீழேயுள்ளவர் டாக்சி ரசீதைத் தொலைத்தால் மட்டும் விளக்கக் கடிதம் கேட்கப்படும்.

ஊழியராக இருந்துகொண்டு இதைச் சரிசெய்வது எளிதென்று பொய் சொல்ல மாட்டேன். மென்மையாகத் தொடங்க ஒரு வழி உண்டு. முதலாளி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருப்பதால், தமக்கு நலன் உள்ள பரிவர்த்தனையை இயக்குநர்களிடம் வெளிப்படுத்த வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டத்தின் 156ஆம் பிரிவு அவரிடமே கோருகிறது. “ஐயா, தணிக்கையாளர் கேட்பதற்குமுன் நாமே பதிவு செய்துவிடலாம்” என்று படிவத்தை நீட்டினால், அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பதாகத் தோன்றாது. பதிவேட்டின் முதல் பக்கத்தில் முதலாளியின் பெயரும், அவர் அறிவித்த மைத்துனரின் நிறுவனமும் இருக்குமானால், இரண்டாம் பக்கத்திலிருந்து மற்றவர்கள் தாமாக எழுதுவார்கள். ஒப்பந்தம் மைத்துனருக்கே போனாலும் பரவாயில்லை. அறிவிக்கப்பட்டு, விலை ஒப்பிடப்பட்டு, வேறொருவர் கையொப்பத்தோடு போனால் போதும். அவர் படிவத்தைத் தள்ளிவிட்டால், நீங்கள் கேட்ட தேதியை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: புகார் வந்தது, விசாரித்தோம், எல்லாம் குழம்பிவிட்டது

பெரும்பாலும் முதல் நாளிலேயே குழம்பியிருக்கும். யாரோ ஒருவர் ஆத்திரத்தில் சம்பந்தப்பட்டவரை அறைக்கு அழைத்து “உண்மையா?” என்று கேட்டிருப்பார், அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்கள் அழிந்திருக்கும், மறுநாள் காலைக்குள், புகார் சொன்னவர் யார் என்று தங்குவிடுதி முழுவதும் தெரிந்திருக்கும்.

ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஆவணங்களைப் பாதுகாப்பாக எடுத்து வையுங்கள்: மின்னஞ்சல் நகல், வாயில் நுழைவுப் பதிவு, கண்காணிப்புக் கேமராப் பதிவு. கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும் என்பதால் அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள். இரண்டாவதாக, விசாரிப்பவர் புகாருக்கு உள்ளானவரின் கீழோ மேலோ அதே வரிசையில் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். மூன்றாவதாகச் சாட்சிகளிடம் பேசுங்கள். புகாருக்கு உள்ளானவரிடம் கடைசியாகப் பேசுங்கள். அவருக்கும் தம் தரப்பைச் சொல்ல முழு வாய்ப்புத் தர வேண்டும். பொய்ப் புகார்களும் வருவதுண்டு, அதிலும் பதவி உயர்வுப் பருவத்தில். எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள், அழிப்பதைக் கண்டும் காணாமல் இருக்காதீர்கள்; நீதி விசாரணையின் போக்கைத் தடுப்பது தண்டனைச் சட்டத்தின் 204அ பிரிவின்கீழ் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

உள் விசாரணையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். அன்பளிப்பு விதி மீறல், உறவை அறிவிக்காதது, செலவுக் கணக்கில் கவனக்குறைவு ஆகியவற்றை நீங்களே முடிக்கலாம். வேலையில் ஒரு சலுகைக்காகப் பணம் கைமாறியது என்று நம்ப நியாயமான காரணம் கிடைத்த உடனே, மேற்கொண்டு யாரையும் விசாரிக்காமல், 1952 முதல் இயங்கும் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடம் போய்விடுங்கள். அப்பிரிவு பெயர் சொல்லாத புகார்களையும் ஏற்கிறது. கொண்டுபோக வேண்டியவை: யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு, எதற்காக என்று தேதி வாரியாக எழுதிய ஒரு பக்கம், அதற்கு ஆதாரமான ஆவணங்களின் நகல், அசல்கள் எங்கே, யாருடைய பூட்டில் இருக்கின்றன என்ற குறிப்பு, இதுவரை இதைப் பற்றி அறிந்தவர்களின் பெயர்ப் பட்டியல். கடைசிப் பட்டியலில் நான்கு பெயருக்கு மேல் இருந்தால், அங்கே போன உடனே அதைத்தான் முதலில் சொல்லுங்கள்.